அப்பாவின் வேட்டியும் ஒரு லஞ்ச் டப்பாவும்

எங்கள் வீட்டில் ஏழு வருடமாக ஒரு சட்டம் இருந்தது. மலை ஏறப் போக வேண்டுமென்றால் முதலில் அம்மாவிடம் கேட்க வேண்டும். அம்மா என்ன சொல்வாள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்டதே இல்லை. அந்த அம்மா நான்தான்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் டிவியைப் போட்டால் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ என்று ஓடிக்கொண்டிருந்தது. கொழுக்குமலைப் பக்கம் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள், அதில் ஒரு குழு சென்னையிலிருந்து போனது, நிறையப் பேர் இளம் பெண்கள் என்றார்கள். இரவு முழுக்க நானும் என் கணவரும் தூங்கவில்லை. மறுநாள் ஹெலிகாப்டர், அதற்கடுத்த நாட்களில் ஒவ்வொருவராக மருத்துவமனையில். கடைசியில் 23 பேர் இறந்துபோனார்கள். அப்போது என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. சோபாவில் என் மடியில் தலை வைத்து, டிவியைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தான். "நீ பெரியவனானாலும் இந்த வேலை மட்டும் வேண்டாம்" என்று தூங்குகிறவனிடம் சொன்னேன்.

அவன் பெரியவனானான். போன வருடம் கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் ஏலகிரிக்குப் போவதாகவும், அங்கே சுவாமிமலை உச்சிக்கு நடப்பதாகவும் முடிவு செய்துவிட்டு, என்னிடம் கேட்காமல் தாத்தாவிடம் போய்க் கேட்டிருக்கிறான். அப்பாதான் என்னிடம் வந்து ஆரம்பித்தார்.

"பாப்பா, பையன் ஏதோ மலைக்குப் போறானாம்."

"வேண்டாம்னு சொல்லுங்கப்பா."

"நான் முப்பது வருஷம் கூட்ஸ் வண்டியில் தனியா போனப்போ உங்கம்மா என்ன சொன்னா?"

அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் சாமி படத்துக்கு முன்னால் நிற்பாள்.

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். இப்போது அந்தப் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, தாம்பரத்திலிருந்து விழுப்புரம் தாண்டியும் போய்வருவார். அவர் வேலைக்குப் போகும்போது கூடவே ஒரு பெட்டி போகும். அதில் கொடிகள், கை விளக்கு, தண்டவாளத்தில் வைத்து வெடிக்கும் எச்சரிக்கை வெடிகள். அதோடு முதலுதவிப் பெட்டி. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் முதலுதவிப் பயிற்சியில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். அந்தச் சான்றிதழ் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை விடப் பத்திரமாக இன்னும் பீரோவில் இருக்கிறது.

"பையனைத் தடுக்காதே. டப்பா ஒண்ணு கட்டிக் கொடு. டப்பாவைத் திறக்கத் தெரிஞ்சா போகட்டும். தெரியலைன்னா நானே வேண்டாம்னு சொல்றேன்" என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், அவனுக்குத் திறக்கத் தெரியாது என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன்.

பையன் உடனே ஆன்லைனில் ஒரு முதலுதவிப் பை ஆர்டர் போட்டான். சிவப்பு நிறம், வெள்ளை பிளஸ் குறி, பார்க்க அழகு. அப்பா அதைக் கட்டிலில் கொட்டி எண்ணினார். ஒட்டும் பிளாஸ்திரி மட்டும் நாற்பது. ஒரு குட்டிக் கத்தரிக்கோல், காகிதம்கூட வெட்டாது. கட்டுத்துணி ஒரே ஒரு சுருள், அதுவும் இரண்டு விரல் அகலம். "இது பென்சில் சீவும்போது கையை வெட்டிக்கிறவனுக்கு. முட்டி பெயர்ந்தவனுக்கு இல்லை" என்று சொல்லி எல்லாவற்றையும் மறுபடி உள்ளே போட்டுவிட்டார். அந்தப் பையை இப்போது நான் தையல் சாமான் வைக்க உபயோகிக்கிறேன்.

அன்று முதல் இரண்டு வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் பட்டறை. டப்பா என்னுடையது. ஆபீசுக்குச் சோறு கொண்டுபோன, நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும் பிளாஸ்டிக் டப்பா. மழையில் முழுகினாலும் உள்ளே ஈரம் போகாது. உள்ளே ஜிப் வைத்த இரண்டு கவர்கள். ஒன்றில் காயத்துக்கு, ஒன்றில் மாத்திரை. ராத்திரி இருட்டில், கை நடுங்கும்போது தேட வேண்டியிருக்கும், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எதுவும் கிடைக்காது என்பது அப்பாவின் கட்சி.

முதல் சண்டை பஞ்சில் வந்தது. நான் ஒரு கட்டுப் பஞ்சு வாங்கி வந்திருந்தேன். முதலுதவி என்றால் பஞ்சும் டிஞ்சரும்தானே? அப்பா பஞ்சை எடுத்து வெளியே வைத்தார். நேராகக் காயத்தில் வைத்தால் அதன் நூல் ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது காயம் மறுபடி திறக்கும். அதற்குப் பதில் தனித்தனி உறையில் வரும் ஸ்டெரைல் காஸ் துணி பத்து. மெடிக்கல் ஷாப்பில் 'காஸ் பேட்' என்று கேட்டாலே தருகிறார்கள். டிஞ்சரும் வேண்டாம் என்றுவிட்டார். காயத்துக்கு முதல் மருந்து சுத்தமான தண்ணீர், நிறைய. மண் போகும்வரை கழுவிய பிறகுதான் போவிடோன் அயோடின் களிம்பு, ஒரு சின்ன ட்யூப் போதும்.

நான் அப்பாவுக்கே சொல்லிக்கொடுத்த விஷயம் ஒன்று உண்டு. சானிட்டரி நாப்கின் நாலு. ரத்தம் அதிகமாக வரும் காயத்தில் காஸ் துணிக்கு மேல் வைத்து அழுத்த அதைவிட நல்ல பொருள் கிடையாது. தவிர, கூட வரும் இரண்டு பெண் பிள்ளைகளில் யாருக்காவது மலை மேல் தேவைப்பட்டால் யாரிடம் கேட்பது? பையனுக்கு முகம் சிவந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்ல யோசனை. எங்க பெட்டியில் இது தோணலை" என்றார்.

பத்து சென்டிமீட்டர் அகலத்தில் கிரேப் பேண்டேஜ் இரண்டு. மலையில் நடப்பவர்களுக்கு அதிகம் வருவது கணுக்கால் சுளுக்குத்தான். ஒட்டுவதற்கு மைக்ரோபோர் டேப். நல்ல கத்தரிக்கோல். முள் எடுக்க என் புருவத்துக்கான ட்வீசர், புதிதாக இன்னொன்று வாங்கிக்கொண்டேன். கையுறை இரண்டு ஜோடி. புடவைக்குக் குத்தும் ஊக்கு ஆறு.

பிறகு சோப்பு. ஹோட்டலில் தரும் துண்டு சோப்பு ஒன்று. இதற்கு எதற்கு என்று பையன் கேட்டான். கோயில் உள்ள மலைகள் எல்லாவற்றிலும் குரங்கு இருக்கும், அடிவாரத்தில் நாய் இருக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் நேராகத் தடுப்பூசிக்கு. ரேபிஸ் வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழியில்லை. வராமல் தடுப்பதில் இந்த ஐந்து ரூபாய் சோப்புக்கும் பங்கு உண்டு. நாற்பது பிளாஸ்திரி இருந்த சிவப்புப் பையில் சோப்பு இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

முக்கோணக் கட்டுத்துணி கடையில் கிடைக்கவில்லை. அப்பா தன் பழைய பருத்தி வேட்டியைக் கொண்டுவந்தார். ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை குறுக்காக வெட்டினால் இரண்டு முக்கோணம். துவைத்து, கஞ்சி போடாமல் இஸ்திரி போட்டு மடித்தோம். அவர் கை இப்போது நடுங்குகிறது. கத்தரியை நான்தான் பிடித்தேன். ஆனால் பையனை நாற்காலியில் உட்கார வைத்து, அவன் கையை மடக்கி, தோளில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டபோது அந்த விரல்கள் நடுங்கவில்லை. கழுத்து எலும்பில் முடிச்சு உறுத்தாமல் பக்கத்தில் தள்ளிப் போட வேண்டும், விரல் நுனி வெளியே தெரிய வேண்டும், நகம் நீலமானால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம். பையன் பத்து முறை கட்டி அவிழ்த்தான். நானும் கற்றுக்கொண்டேன். இவருக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

மாத்திரைக் கவர் சின்னதுதான். பாராசிட்டமால், அலர்ஜிக்கு செட்ரிசின், ஓஆர்எஸ் பொட்டலம் நாலு. எந்த மாத்திரை, எத்தனை என்று எங்கள் தெரு டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், என் பட்டியலைக் காப்பி அடிக்க வேண்டாம். ஓஆர்எஸ் பற்றி ஒன்று. பெரிய பொட்டலம் முழுதாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் குடித்தால் உப்பு அளவு மீறிப்போகும். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை தலை தட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

என்னவெல்லாம் வைக்கக் கூடாது என்பதில் அப்பா இன்னும் கறார். பிளேடு கூடாது. கயிறு கூடாது. பையன் இணையத்தில் பார்த்த, பாம்புக்கடி விஷத்தை உறிஞ்சும் பம்ப் கூடவே கூடாது.

பாம்பு எங்களுக்குப் புதிதில்லை. வண்டலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் காப்புக்காடு, நடுவில் நம் பிளாட்டுகள். மழைக்காலத்தில் அதுவும் எங்கேதான் போகும்? பல வருடம் முன்பு எங்கள் தெருவில் வாட்ச்மேன் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஓடிவந்தவர்கள் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டி, கடிவாயைக் கீறியும் விட்டார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். மனிதர் பிழைத்தார், ஆனால் கால் சரியாக மாதக்கணக்கானது. விரியன் விஷத்தில் ரத்தம் உறையாது. அந்த நேரத்தில் கீறுவதும் கட்டுவதும் அந்தக் காலையே கெடுக்கும். செய்ய வேண்டியது, கடிபட்டவரை நடக்க விடாமல், காலை அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, மோதிரம், கொலுசு, ஷூவைக் கழற்றி, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. மருந்து அங்கேதான் இருக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் இருக்கும் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்துவருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. அதனால் பாம்பை அடித்துக் கையோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதும் இல்லை.

டப்பா தயாரானதும் சமையலறைத் தராசில் வைத்தேன். 640 கிராம். பையன் கனம் என்று முனகினான். சரி, தூக்கி நடந்து பார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உயிரியல் பூங்காவுக்குள் அனுப்பினோம். நம் பூங்கா 602 ஹெக்டேர். பேட்டரி வண்டியில் ஏறாமல் சுற்றிவந்தால் அதுவே ஒரு மலையேற்றம்தான். பயணத்துக்காக வாங்கிய புது ஷூவையும் போட்டுக்கொண்டு போனான். மத்தியானம் வரும்போது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். டப்பா கனமாகவே இல்லை, ஷூதான் என்றான். குதிகால் சுட ஆரம்பிக்கும் அந்த நிமிடத்திலேயே நின்று டேப் ஒட்டியிருந்தால் கொப்புளமே வந்திருக்காது. "சிங்கத்துக்கிட்ட நிக்கும்போதே எரிஞ்சுது தாத்தா, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றான். அப்பா எதுவும் சொல்லவில்லை. டேப்பில் இன்னொரு சுருள் சேர்க்கச் சொன்னார்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி நான் கேட்டேன். "அப்பா, குரங்கணியில் இந்த டப்பா இருந்திருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது பாப்பா" என்றார். "தீக்கு டப்பா இல்லை. அந்த மாசத்துல அந்தப் பக்கம் போகாம இருக்கிறதுதான்."

எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் பொய் சொல்லியிருந்தால் நான் அனுப்பியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். தீ பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. அப்பா தன் பங்குக்கு, சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்த பழைய விசிலையும், ஒரு குட்டி நோட்டையும், பென்சிலையும் டப்பாவில் போட்டார். நோட்டின் முதல் பக்கத்தில் ஆறு பிள்ளைகளின் ரத்த வகை, யாருக்கு எந்த மருந்து ஆகாது, பெற்றோர் எண்கள், 108. மற்ற பக்கங்கள் காலி. பேனா ஈரத்தில் எழுதாது, பென்சில் எழுதும்.

"என்ன நடந்தாலும் மணி பார்த்து எழுது. அப்புறம் ஞாபகம் இருக்காது" என்று மட்டும் பேரனிடம் சொன்னார்.

சனிக்கிழமை விடிகாலை வண்டலூரில் லோக்கல் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை. அங்கிருந்து பதினாலு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏலகிரி. ஞாயிற்றுக்கிழமை காலை மலை ஏறினார்கள். ஒன்பது மணிக்கு உச்சியிலிருந்து போட்டோ வந்தது. அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு அவனே கூப்பிட்டான். "அம்மா, எனக்கு ஒண்ணுமில்லை. முதல்ல அதைக் கேட்டுக்கோ" என்றான். அப்படி ஆரம்பித்தால் எந்தத் தாய்க்கு உயிர் இருக்கும்?

இறங்கும் வழியில் தேனீ. நாலைந்து பேரைக் கொட்டியிருக்கிறது. வழிகாட்டி எல்லோரையும் அந்த இடத்தைவிட்டு ஓடச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு வலி, வீக்கம், அவ்வளவுதான். ஒரு பையனுக்கு மட்டும் சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு வீங்கி, தொண்டை அடைக்கிறது என்றிருக்கிறான். கொடுக்கு தோலில் இருந்தால் கார்டைத் தேடிக்கொண்டு நிற்காதே, நகத்தால் உடனே வழித்து எடு என்று தாத்தா சொல்லியிருந்தார். எடுத்திருக்கிறான். அவன் முழுங்குகிற நிலையில் இருந்ததால் செட்ரிசின் கொடுத்திருக்கிறான். ஆனால் இது மாத்திரையில் நிற்கிற விஷயமில்லை, மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிதான் என்பதும் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. அவனை நடக்க விடாமல் வழிகாட்டியும் பிள்ளைகளும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். சிக்னல் வந்த இடத்தில் 108. கிராமத்துச் சாலையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்களாம். பத்து நிமிடத்தில் மூச்சு சீரானது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குக் கொட்டியது, என்ன கொடுத்தீர்கள் என்பது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஆறு விதமாகச் சொல்ல, என் பையன் நோட்டை நீட்டியிருக்கிறான். இரவு முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள். அந்தப் பையனின் அம்மா ஜோலார்பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு நாலு முறை போன் செய்துவிட்டார். நாங்கள் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை. ஒருவருக்கொருவர் என்ன சொன்னோம் என்று இப்போது ஞாபகமில்லை. இருவரும் அழுதோம் என்பது மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கு வந்தவன் குளிப்பதற்கு முன் டப்பாவைத்தான் மேஜையில் வைத்தான். செட்ரிசின் ஒன்று குறைவு. காஸ் இரண்டு குறைவு, ஓட்டத்தில் ஒருத்தி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருக்கிறாள். ஓஆர்எஸ் மூன்று காலி. நாப்கின் ஒன்று குறைவு, அதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிரேப் பேண்டேஜ், வேட்டித் துணி, விசில், சோப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். பென்சிலில், கோணல் எழுத்தில் இருந்தது: 10.40 தேனீ. 10.45 கொடுக்கு 3 எடுத்தேன். 10.48 செட்ரிசின் 1. 10.55 உதடு வீக்கம். 11.00 இறங்குகிறோம்.

இரண்டு முறை படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். காலி.

"ஆம்புலன்ஸ் வந்த டைம் எங்கடா?" என்றார்.